சைபரை யார் எண்ணினார்கள்?

நான் வேலை பார்த்த அறிக்கைப் பிரிவில் புதிதாக ஐந்து பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். ஒரு நாள் வந்து பேசுங்கள் மேடம் என்று கூப்பிட்டார்கள். வந்தால் சால்வை போடுவார்கள், கையில் ஒரு பூந்தொட்டியைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள், நானும் பேச வந்ததை மறந்து இரண்டு வடை தின்றுவிட்டுக் கொரட்டூருக்கு ரயில் ஏறிவிடுவேன். அதனால் எழுதியே அனுப்புகிறேன். நடுவில் டீ குடிக்கப் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கார் உதிரி பாகம் அடிக்கும் நம் அம்பத்தூர் ஆலையில் கழிவுநீர் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றுச்சூழல், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாகத் தலையில் ஏறியது. பெரிய கம்பெனிகள் எல்லாம் வருடா வருடம் நிலைத்தன்மை அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி வந்தபோது, அதை யார் தலையில் கட்டுவது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், எவ்வளவு கரன்ட் எரித்தீர்கள், எவ்வளவு கழிவு கொட்டினீர்கள், வேலையில் எத்தனை பேருக்கு அடிபட்டது என்று ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேடம்தான் ஏற்கெனவே சாக்கடையைப் பார்த்துக்கொள்கிறாரே, இதையும் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று.

கார்பன் கணக்கை எப்படிப் போடுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்கெல்லாம் இப்போது மென்பொருள் இருக்கிறது, என்னைவிடச் சமர்த்து. நான் சொல்ல வந்தது வேறு.

முதல் வருடம் ஒன்று நடந்தது. ஆலையின் தண்ணீர் மீட்டரைத் தினமும் பார்த்து எழுதுவது கேட் காவலரின் வேலை. அவர் கொடுத்த தாளில் பதினோரு நாட்கள் தொடர்ந்து ஒரே எண் இருந்தது. சொட்டுத் தண்ணீர்கூட செலவாகவில்லை என்று அர்த்தம். போய்க் கேட்டேன். "மழைல மீட்டரு குழி ரொம்பிடுச்சு மேடம். மீட்டரு தண்ணிக்குள்ள கீது. அத்தொட்டு நேத்து நம்பரையே போட்டுகினு வந்தேன். காலியா உட்டா நீங்க திட்டுவீங்கள்ல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. கட்டம் காலியாக இருந்தால் நான் திட்டுவேன் என்பது ஆலை முழுக்கத் தெரியும். அன்றிலிருந்து காலிக் கட்டத்துக்குத் திட்டுவதை விட்டேன். ஆனால் இந்தப் பாடத்தைத் தண்ணீருக்கு மட்டும்தான் படித்தேன் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நம் கேட்டுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு போர்டு இருக்கிறதே, 'விபத்து இல்லாத நாட்கள்' என்று, அது அப்போது வேறு மாதிரி இருந்தது. தகரத்தில் எண்கள் எழுதி கொக்கியில் மாட்டுவார்கள். காலை ஏழு மணிக்கு, முதல் ஷிப்ட் உள்ளே வருவதற்கு முன் காவலர் எண்ணை மாற்றுவார். அறுநூறைத் தாண்டியதும் வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஆயிரம் தொட்டால் ஆளுக்கொரு பெரிய ஹாட் பாக்ஸ் தருவதாக ஆலைத் தலைவர் அறிவித்திருந்தார். பிரியாணி விருந்தும் உண்டு. அதிலும் ஒரு விசேஷம். கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு நம் கேன்டீனில் அதுவரை தனி நேரம், தனி மேஜை. அந்த விருந்தில் மட்டும் நிரந்தரத் தொழிலாளர்களோடு ஒரே பந்தியில் அவர்களும் உட்காரலாம் என்றார். அதைச் சொன்னபோது எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்றாவது வருட அறிக்கைக்கு நான் உட்கார்ந்தபோது போர்டில் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. மே மாத வெயில். அறிக்கையில் அடிபட்டவர்கள் என்ற கட்டத்தில் நிரந்தரத் தொழிலாளர் சைபர், கான்ட்ராக்ட் தொழிலாளர் சைபர் என்று எழுதியிருந்தேன். பெருமையாகத்தான் எழுதினேன், பொய் சொல்வானேன்.

அந்த வருடம் நம் எண்களைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு அம்மாளை அனுப்பியிருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார், காபியும் வேண்டாம் என்பார். பத்து நாளில் அவரிடம் நான் கற்றுக்கொண்டது அதற்கு முன் இருபது வருடத்தில் கற்றுக்கொண்டதைவிட அதிகம். ஆனால் அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் மூன்று மணிக்கு ஆலைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் பையை எடுத்தேன். அவர் அந்தக் கட்டத்தில் பென்சிலை வைத்தார்.

"இந்த சைபரை யார் எண்ணினாங்க?"

"சைபரை எப்படிங்க எண்ணுறது? ஒண்ணும் நடக்கலை, அதனால சைபர்."

"ஒண்ணும் நடக்கலையா, ஒண்ணும் உங்ககிட்ட வரலையா?"

எனக்குச் சுருக்கென்றது. டிஸ்பென்சரி ரிஜிஸ்டரை எடுத்து அவர் முன்னால் போட்டேன். போட்டேன் என்றால் வைத்தேன் இல்லை, சத்தம் வருகிற மாதிரியே போட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதுல முதல் கட்டமே டோக்கன் நம்பர். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு டோக்கன் உண்டா?" என்று கேட்டார்.

கிடையாது. நிரந்தரத் தொழிலாளர்களுக்குத்தான் டோக்கன். கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்த ரிஜிஸ்டரில் இடமே இல்லை.

"இன்னொண்ணு. மொத்தம் எத்தனை மணி நேரம் வேலை நடந்ததுன்னு கீழே ஒரு எண் போட்டிருக்கீங்க. அடிபட்டவங்க எண்ணிக்கையை அதாலதான் வகுக்கணும். மேலே சைபர் இருந்தா கீழே எதைப் போட்டாலும் விடை சைபர்தான். அதனால கீழே இருக்கிற எண்ணை யாரும் பார்க்கிறதே இல்லை. நாம பார்க்கலாமா?"

வேலை நேரக் கணக்கு டைம் ஆபீஸில் இருக்கும். அங்கே கமலக்கண்ணன் என்று ஒருவர், கைரேகை வைக்கும் மிஷினும் அதன் பட்டியல்களும் அவர் பொறுப்பு. கான்ட்ராக்ட் பட்டியலைத் திரையில் ஓடவிட்டார். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் வரிசையில் ஏகாம்பரம் என்ற பெயர் இரண்டு முறை வந்தது. ஒரே அப்பா பெயர், ஒரே கள்ளிக்குப்பம் முகவரி. ஒரு வரிசை ஆடி மாதத்தோடு நிற்கிறது. மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு வரிசை ஆரம்பிக்கிறது.

எனக்கு உடனே கான்ட்ராக்டர்மேல்தான் சந்தேகம். "என்ன கமலக்கண்ணன், இல்லாத ஆளுக்குப் பேர் போட்டு வெச்சிருக்காங்களா?" என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆள் இருக்காரு மேடம். வெரல்தான் இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"ரைட் கை வெரலை மிஷின் எடுக்கல. லெப்ட் கைல புதுசா பதிஞ்சு குடுத்தேன். அதான் ரெண்டு தபா வருது."

"எப்படிப் போச்சுன்னு கேக்கலையா?"

"சைக்கிள் செயின்ல மாட்டிக்கிச்சுன்னாங்க." பட்டியலை மறுபடி மேலே ஓடவிட்டார். "நானும் அதையே நம்பிட்டேன் மேடம். போர்டு வேற இருக்குதுல்ல."

அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தை மூடி, "நாளைக்குக் காலைல வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

முதல் ஷிப்ட் மூன்றரைக்கு விடும். பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் ஏகாம்பரத்தைப் பிடித்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான ஆள். டீ கிளாஸை இடது கையில் பிடித்திருந்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்.

"கை எப்படி இருக்கு ஏகாம்பரம்?"

"எந்தக் கை மேடம்?" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். "யாரு சொன்னது உங்களாண்ட?"

"மிஷின் சொல்லுச்சு."

கையை வெளியே எடுத்துக் காட்டினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு முடிந்திருந்தன. எத்தனையோ பாதுகாப்பு வகுப்பில் படம் போட்டுக் காட்டியவள் நான். அந்தக் கையைப் பார்க்க முடியாமல் டீயைப் பார்த்தேன்.

"ஷீட்டு மாட்டிக்கிச்சு மேடம், கையால தள்ளினேன், அவ்ளோதான். வலியே தெர்ல. சத்தந்தான் கேட்டுச்சு. பசங்க ஆறு பேரு என்ன ஷேர் ஆட்டோல தூக்கிப் போட்டுகினு ஒரு கிளினிக்காண்ட போனாங்க. சைக்கிள் செயின்னு நாந்தான் சொல்லச் சொன்னேன்."

"டிஸ்பென்சரி பத்தடி தூரத்துல இருந்துதே, அய்யா!"

"போனா போர்டு சைபர் ஆயிடும்ல?" என்னவோ எனக்குத்தான் விவரம் போதாது என்பது போல் பார்த்தார். "இந்த தபாதான் நம்மளயும் சேத்து ஒக்கார வெச்சு சோறு போடறேன்னாங்க. கான்ட்ராக்டு ஆளுங்களாலதான் எல்லாம் போச்சுன்னு நாங்க பேரு வாங்கணுமா? எங்க மூஞ்சில முழிப்பாங்களா அப்பால?"

அடிபட்ட மனிதன் அடியை மறைத்தது எங்கள் போர்டைக் காப்பாற்ற. இதை அறிக்கையில் எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"வாணாம் மேடம். உங்கள கையெடுத்துக் கும்புடறேன். எழுதினீங்கன்னா கான்ட்ராக்டரு கேட்டு பாஸ புடுங்கிகினு வெளிய தொரத்திடுவான். வெரலு போன ஆள வேற எவன் சேப்பான்? ஊட்ல ரெண்டு பொண்ணு படிச்சுகினு கீதுங்க. இப்ப ஒரு கையால சமாளிச்சுகினு போறேன். அப்டியே உட்ருங்க."

"எழுதாம விட்டா? நாளைக்கு இந்தக் கை முழுசா வேலைக்கு ஆகாமப் போச்சுன்னா, காப்பீட்டு ஆஸ்பத்திரில என்ன சொல்வீங்க?"

"சைக்கிள் செயின்னு சொல்வேன்."

"சைக்கிள் செயினுக்கு அங்க ஒண்ணும் கிடைக்காது ஏகாம்பரம். ஆலையில நடந்ததுன்னு ஆலை எழுதிக் கொடுத்தாதான் காலத்துக்கும் உதவி வரும்."

அவர் டீ கிளாஸைக் கழுவும் பக்கெட்டில் போட்டுவிட்டுப் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

அன்றைக்கு ரயிலில் போகும்போது என் மனசு என்ன செய்தது தெரியுமா? ஓட்டை தேடியது. முதலுதவியோடு முடிந்த சின்னக் காயங்களை எண்ண வேண்டியதில்லை. இதை அதில் சேர்த்துவிடலாமா? அவரே வேண்டாம் என்கிறாரே, அவர் விருப்பத்துக்கு மரியாதை கொடுப்பதாக இருக்குமே? பட்டரவாக்கம் தாண்டுவதற்குள் எனக்கு நானே பாதி சமாதானம் சொல்லி முடித்திருந்தேன். நியாயத்தைக் கண்டு வெட்கப்பட்டுத் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் என்னைத் தடுத்தது வேறொன்று. பையில் நான் தயாரித்த படிவம் இருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் நான் அனுப்பியது. அதில் என் கைப்பட ஒரு வரி: 'அடிபட்டவர்கள், டிஸ்பென்சரி ரிஜிஸ்டர்படி'. ரிஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்றுதான் நான் மூன்று வருடமாகக் கேட்டிருக்கிறேன். யாருக்காவது அடிபட்டதா என்று ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களும் அந்தக் கணக்கில் உண்டு என்று விதி தெளிவாகச் சொல்கிறது. விதி கேட்டதை என் படிவம் கேட்கவில்லை. நான் மூன்று வருடம் எழுதிய சைபர், கான்ட்ராக்ட் ஆட்களைப் பொறுத்தவரை, யாரும் எண்ணாத சைபர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆலைத் தலைவர் அறைக்குப் போனேன். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் அதிகம். அந்த போர்டை மாட்டியதே அவர்தான். நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மூணு மணிக்குக் கையெழுத்து. இப்ப வந்து சொல்றீங்க."

"எனக்கும் நேத்து சாயந்திரம்தான் தெரியும் சார். தப்பு என்மேலதான். படிவம் நான் போட்டது." தாளை நீட்டினேன். யாரைத் திட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

"அந்த ஆளே எழுத வேணாம்னு சொல்றான்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் நமக்கென்ன மேடம்? எழுதி அவன் வேலையைக் கெடுக்கணுமா?"

உங்கள் வேலையில் இதைவிடக் கஷ்டமான கேள்வி வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அதில் பாதி உண்மை. உண்மையை எழுதி நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அதற்கான தண்டனையை அனுபவிக்கப் போவது கள்ளிக்குப்பத்தில் ஒரு குடும்பம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மேஜை போன் அடித்தது. கேட்டிலிருந்து. எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"டீக்கடையில நீங்க பேசினதை யாரோ கான்ட்ராக்டர்கிட்ட சொல்லியிருக்காங்க. காலையிலயே பாஸைப் பிடுங்கிட்டான். அந்த ஆள் கேட்டுக்கு வெளியே நிக்கிறானாம். பார்த்தீங்களா? நீங்க எழுதறதுக்கு முன்னாடியே வேலை போச்சு."

பொது இடத்தில், நாலு பேர் காதில் விழ நான் பேசியதால் வந்த வினை. எனக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேசத் தோன்றவில்லை. இன்றைக்கும் இதை நினைத்தால் என்னையே நான்கு அறை அறையலாம் போல் இருக்கும்.

அழுகை வந்தால் அறிக்கையைப் புரட்டுங்கள். கேலி இல்லை, நான் அதைத்தான் செய்தேன். கையை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று பக்கங்களைத் தள்ளினேன். அடிபட்டவர்கள் பக்கத்துக்கு அப்புறம் இரண்டு கட்டங்கள் உள்ள ஒரு பட்டியல் உண்டு, உங்களுக்குத் தெரியும். இடது கட்டத்தில், பலத்த அடிபட்டவர்கள் எத்தனை பேர். வலது கட்டத்தில், அவர்களில் எத்தனை பேருக்கு ஏற்ற வேறு வேலை கொடுக்கப்பட்டது. மூன்று வருடமும் சைபர், சைபர் என்று கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிய பக்கம். அதை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"சார், இங்க சைபர்னு போட்டா பொய். வெளியிலிருந்து வந்த அம்மாவுக்கும் இது தெரியும். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் சைபர்னு போட்டா அது உண்மை. ஆனா படிக்கிறவங்க என்ன படிப்பாங்க? ஒருத்தனுக்கு விரல் போச்சு, போனதும் வெளியே தள்ளிட்டாங்கன்னு. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கமும் ஒண்ணுன்னு போடணும்னா, அந்த ஆள் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கணும்."

"மிரட்டறீங்களா மேடம்?"

"ஆமாம் சார்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

அவர் அந்த இரண்டு கட்டங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். "அந்த ஆளை உள்ளே அனுப்பு. கான்ட்ராக்டரை என் ரூமுக்கு வரச் சொல்லு. இல்ல, முதல்ல அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி போடு."

கையெழுத்து இரண்டு நாள் தள்ளிப் போனது. தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தாமதமாகத் தகவல் கொடுத்து, அதற்கான பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். காப்பீட்டுக்கு எழுதுவதில்தான் பெரிய பேஜார். கிளினிக் சீட்டில் சைக்கிள் செயின் என்று இருந்தது. அது பொய், பிரஸ்ஸில்தான் அடிபட்டது என்று பார்த்தவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போன ஆறு பேரையும் கூப்பிட்டு, யாருக்கும் பாஸ் போகாது என்று ஆலைத் தலைவரே சொன்னார். நான் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்களில் மூத்தவர்தான் பேசினார். "ஏகாம்பரம், உன் நல்லதுக்குன்னுதாண்டா அன்னிக்குப் பொய் சொன்னோம்" என்றார். ஏகாம்பரம் அழுதுவிட்டார். ஆறு பேரும் எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போர்டிலிருந்து எண்களை எடுக்க வேண்டும். காவலர் ஏணிப் பக்கமே போக மாட்டேன் என்றுவிட்டார். "நா மாட்டின நம்பரு மேடம் அது. என் கைல எப்டி எடுக்கறது?" ஆலைத் தலைவரே ஏறி மூன்று தகரத்தையும் கழற்றினார். முதல் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் ஒரு மாதம் என்னிடமும் ஒருத்தரும் பேசவில்லை. கேன்டீனில் நான் தட்டோடு உட்கார்ந்தால் மேஜை காலியாகும். "வந்துட்டாங்கப்பா, ஹாட் பாக்ஸ் மேடம்" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். ரொம்ப வலித்தது. அந்த ஹாட் பாக்ஸ் இன்றுவரை யாருக்கும் வரவில்லை. ஆனால் அந்த வருட ஆயுத பூஜைக்கு எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். நாள் கணக்கு எதுவும் கேட்காமல் போட்ட சாப்பாடு அது. பிரஸ்ஸுக்குக் கையை உள்ளே விட்டால் ஓடாத தடுப்பும் வந்தது. டிஸ்பென்சரி ரிஜிஸ்டரில் டோக்கன் நம்பர் கட்டத்தை அடித்துவிட்டுப் பெயர் என்று போட்டோம்.

அந்த அம்மாள் கடைசி நாள் கிளம்பும்போது, "இந்த வருஷம் உங்க அறிக்கை போன வருஷத்தைவிட மோசமாத் தெரியும். கவலைப்படாதீங்க" என்றார். அவரைத் திரும்பப் பார்க்கவில்லை. நீங்கள் எந்தக் கட்டத்தில் சைபர் போட்டாலும், பென்சிலோடு அவர் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற எண்களைவிட சைபருக்குத்தான் அதிகம் நடந்து, ஆளுக்கு ஆள் கேட்க வேண்டும். அந்த எண்ணுக்குள் இருக்கிற ஆளைத் தேடிப் போகும்போது, தயவுசெய்து டீக்கடையில் வைத்துப் பேசாதீர்கள்.

ஏகாம்பரத்துக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். காப்பீட்டு மருத்துவர்கள் அவர் கையைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். இடது கையால் எழுதப் பழகினார். கோழி கிளறிய மாதிரி இருக்கும், ஆனால் ஒரு வரி விடமாட்டார். இரண்டு வருடத்தில் பிரஸ் ஷாப் காயப் பதிவேடு அவர் பொறுப்புக்கே வந்தது. சின்னக் கீறலைக்கூட விடமாட்டார். "இத்த எழுதணுமா அண்ணாத்தே?" என்று எவனாவது கேட்டால், வலது கையைத் தூக்கிக் காட்டுவாராம்.

நான் ஓய்வு பெற்ற நாள். மாலை போட்டார்கள், பேசினார்கள், எல்லாம் ஆயிற்று. ஐந்து மணிக்குக் கடைசித் தடவையாகக் கைரேகை வைக்கலாம் என்று மிஷினிடம் போனேன். விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடி சிவப்பு. கமலக்கண்ணன் அவசரக்காரர், மதியமே என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. முப்பது வருடம் வேலை பார்த்த ஆலை என் விரலைத் தெரியாது என்கிறது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. திரும்பினால் ஏகாம்பரம், கக்கத்தில் பதிவேட்டோடு நிற்கிறார்.

"இன்னா மேடம், வெரல் எடுக்கலையா?" என்றார். என் வலது கையைப் பிடித்து, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அடி கிடி பட்டிருந்தா சொல்லிடுங்க மேடம். எழுதிக்கலாம்."